பதிவேடு மூடிய பின்: கண்டிப் பிரதேசப் பெண்களின் உடல்நல வரலாற்றில் ஒரு பக்கம்

கண்டி வாவியைச் சுற்றிச் செல்லும் நடைபாதையில் விடியற்பொழுதில் நடப்போருள் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் கணிசமான தொகையினர். சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்து அணிந்தும், தோளிற் துவாய் போட்டும், இருவர் மூவராகப் பேசிக்கொண்டும் அவர்கள் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அந்தச் சுற்றை நடந்து முடிக்கின்றனர். பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்து, கணவனின் நோய்க்கு மருந்தும் பத்தியமும் கவனித்து, ஈற்றில் தமக்கே நீரிழிவும் குருதி அமுக்கமும் உண்டென்று கேள்வியுற்று, நிறையைக் குறைக்குமாறு வைத்தியர் பணித்தமையால் வந்தவர்கள் இவர்களுட் பலர். இக்காட்சியை நகர நாகரிகத்தின் புதுவழக்கு என்று கூறி நகைப்பாரும் உளர். அது மேலெழுந்தவாரியான நோக்காகும். ஒரு பெண் தன் உடலைத் தன் பொருட்டே பேணுதற்கு நாளில் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுதல் என்பது கண்டிப் பிரதேச வரலாற்றில் மிக அண்மைக் காலத்திலேயே நிகழக்கூடியதாயிற்று. அதற்கு முன்னர் அவளது உடல் கணக்கிடப்படாத ஒன்றன்று. கொழுந்து பறிக்கும் கையாகவும் பிள்ளை பெறும் வயிறாகவும் அது மிகக் கவனமாகவே கணக்கிடப்பட்டு வந்தது. அக்கணக்கு எந்த வயதில் நின்றது, நின்ற பின் அவள் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

வாவியே ஒரு நல்ல தொடக்கமாகும். வயல் நிலமாயிருந்த அவ்விடத்தை அணைகட்டி நீர்நிலையாக்கியவன் கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வேலை நிறைவெய்தியது 1812ஆம் ஆண்டளவில். மூன்றாண்டுகளில் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. குளிர்ந்த மலைநகரம் ஐரோப்பியரின் உடம்புக்கு ஒத்தது என்ற எண்ணம் அவர்களிடையே வலுப்பெறவே, வாவிக்கு மேலுள்ள குன்றுகளிலும் உடவத்த கெலே வனத்திலும் உலாப்பாதைகள் வகுக்கப்பட்டன. அவற்றுட் பல ஆளுநர்களின் மனைவியர் பெயரைத் தாங்கின. 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் மனைவி பெயரால் வழங்கும் பாதை உடவத்த கெலேயில் இன்றும் உண்டு. (இந்த அம்மையாரே, 1814இல் இலண்டனில் ஒரு விருந்திற் கண்ட மாத்திரத்தில் ஆங்கிலக் கவிஞர் பைரனைக் கவிபாட வைத்தவர்.) உடல்நலம் கருதி நடத்தல் என்ற வழக்கம் கண்டியில் இவ்வாறு ஓய்வுடைய சிலரின் உரிமையாகவே புகுந்தது.

அதே காலத்தில் கண்டியை நோக்கி வேறொரு நடையும் தொடங்கியிருந்தது. 1820களில் கம்பளைக்கு அண்மையிலும் கன்னொறுவையிலும் கோப்பி பயிரிடப்பட்டதைத் தொடர்ந்து, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கண்டிச் சீமையின் தோட்டங்களுக்கு அவர்கள் பிரிந்து சென்றனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவ்வழி நெடுகப் பலரைப் பலிகொண்டன. கோப்பிக் காலத்தில் வந்தோருள் ஆண்களே பெரும்பான்மையினர். பறிப்புப் பருவம் முடியவும் ஊர் திரும்புதல் அவர்கள் வழக்கம். ஆகவே அவ்வுடல்களின் நலத்திலே தோட்டத் துரைமாருக்கு நெடுங்காலக் கவலை எதுவும் இருக்கவில்லை.

இந்நிலையைத் தேயிலை மாற்றியது. ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். ஈராண்டுகளின் பின் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை மெல்ல மெல்ல அழித்தது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று இல்லை. ஏழு முதல் பத்து நாட்களுக்கொருமுறை அதே செடிக்குத் திரும்பவும் வரவேண்டும். ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்கும் குடும்பங்கள் தேவையாயின. கொழுந்து பறித்தல் பெண்ணின் வேலையாகக் கொள்ளப்பட்டமையால், குடும்பத்தின் மையமாகவும் தோட்டத்தின் மையமாகவும் ஒரே உடல் அமைந்தது. தோட்டத்தின் இலாபம் அவள் விரல்களிலும், அடுத்த தலைமுறைத் தொழிலாளர் தொகை அவள் கருப்பையிலும் தங்கியிருந்தன என்று கூறின் மிகையாகாது.

1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டத்தை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். அது தோட்டங்கள் அடர்ந்த பிரதேசங்களை மருத்துவ மாவட்டங்களாக வகுத்து, வைத்தியரையும் மருந்தகங்களையும் ஏற்படுத்த வழிசெய்தது. 1912இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் பிரசவத்தை ஒட்டிய ஓய்வையும் கொடுப்பனவையும் சட்ட உரிமையாக்கியது. இவை நன்மை பயத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றின் பார்வை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது கவனித்தற்குரியது. காய்ச்சலில் விழுந்தவளை மீண்டும் மலைக்கு அனுப்புதலும், பிள்ளை பெற்றவளை மீண்டும் பேரேட்டில் ஏற்றுதலுமே நோக்கம். கருவுறாத, காய்ச்சலில் விழாத, ஆனால் நாட்பட்ட களைப்பினால் வாடுகின்ற ஒரு பெண்ணுக்குத் தோட்ட மருந்தகத்திற் கொடுப்பதற்கு மருந்து இருக்கவில்லை. அவளது நிலைக்கு ஒரு பெயரும் இருக்கவில்லை.

அக்களைப்பின் நாட்கணக்கை 1982இல் சர்வதேசத் தொழில் தாபனத்துக்காக ரேச்சல் குரியன் செய்த ஆய்வு விரிவாகப் பதிவு செய்துள்ளது. இருள் பிரியுமுன் எழுந்து நீர் கொண்டுவந்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடி, பகல் முழுவதும் சரிவுகளில் ஏறி இறங்கி, மாலையில் கூடையை நிறுத்துக் கொடுத்த பின், விறகோடு லயத்துக்குத் திரும்பி மறுபடியும் அடுப்படியில் அமர்தல் அவள் வாழ்க்கை. கணவன் வேலை முடிந்து ஓய்ந்திருக்கும் மாலைப்பொழுது அவளுக்கு இரண்டாம் வேலையின் தொடக்கம். அவளது சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுச்செல்லும் வழக்கமும் பரவலாக இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநாட்சம்பளம் 1984இலேயே கிடைத்தது. அப்போதும் அடுப்படி வேலையைச் சமமாக்குவதற்குச் சம்பளச் சபை எதுவும் இருக்கவில்லை.

தோட்டத்துக்கு வெளியே, கண்டி நகரிலும் சூழவுள்ள சிங்கள, முஸ்லிம், தமிழ்க் குடும்பங்களிலும், கூலி வேலை இல்லாதிருப்பினும் முறைமை ஏறத்தாழ ஒன்றே. எல்லோரும் உண்டபின் உண்பவள் தாய். இவ்வழக்கத்தைத் தியாகம் என்று போற்றுவது நம்மவரிடையே மரபு. உடலியல் நோக்கில் அதன் விளைவு வேறானது. பானையில் எஞ்சுவதே அவளது பங்கு எனின், பஞ்சகாலத்தில் எஞ்சுவது ஒன்றுமில்லை, அவள் மெலிகிறாள். பெருக்ககாலத்தில் எஞ்சுவது பிள்ளைகள் விட்ட சோறும், நோயாளி தொடாத கஞ்சியும், வீணாக்க மனமில்லாத பலகாரமும் ஆகும், அவள் பருக்கிறாள். முன்னர் மெலியவைத்த வழக்கமும் பின்னர் பருக்கவைத்த வழக்கமும் ஒன்றே என்பது பலர் கருத்திற் படாத உண்மை.

பஞ்சகாலம் தூரத்துக் கதையன்று. 1942இல் போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிய அரிசிப் பங்கீடு, பல மாற்றங்களுக்குட்பட்டு 1979இல் உணவு முத்திரைகளுக்கு இடம்விட்டது. இடையில் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் தட்டுப்பாட்டினை மலையகத்தார் எளிதில் மறவார். பங்கீட்டரிசி சுருங்கியது, மாவும் சீனியும் அரிதாயின, தோட்டப்பகுதிகளில் இறப்புவீதம் கூர்மையாக உயர்ந்தது. நாட்டின் பிற தொழிலாளர் போலக் காணித்துண்டொன்றில் மரவள்ளியேனும் நட்டுண்ண வாய்ப்பற்றவர்கள் லயத்து மக்கள். அதே ஆண்டுகளில், 1972இன் நிலச்சீர்திருத்தத்தை அடுத்து, கண்டி மாவட்டத்தின் இடைநிலத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு வன்னிக்கும் நகரத் தெருக்களுக்கும் சென்றன. அன்று தாய் வயிற்றிலிருந்த குழந்தைகள் இன்று ஐம்பது வயதை எட்டியவர்கள்.

இங்கு மருத்துவ அறிவியலின் பிற்காலக் கண்டுபிடிப்பொன்றினைக் குறிப்பிடுதல் பொருந்தும். இங்கிலாந்தில் டேவிட் பாக்கர் 1980களின் இறுதியிலிருந்து வெளியிட்ட ஆய்வுகள், கருப்பையிற் போதிய ஊட்டம் பெறாது குறைந்த நிறையோடு பிறந்தவர்கள் நடுவயதில் இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் கூடுதலாக ஆளாகின்றனர் என்று காட்டின. புனேயில் நிகழ்ந்த ஆய்வுகள், இந்தியக் குழந்தைகள் மெலிந்து பிறப்பினும் தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பளவிற் கூடியும் பிறக்கின்றன என்று கண்டன. அதாவது, தட்டுப்பாட்டிற்கெனத் தன்னைச் சுருக்கிக்கொண்ட உடல், பின்னர் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும் காலத்தை எதிர்கொள்ள ஆயத்தமற்றது. மலையகத்தின் ஐம்பது வயதுப் பெண்ணின் இடுப்பளவை அவளது சோம்பலுக்குச் சான்றாகக் கொள்வோர் இதனை அறிந்திருத்தல் நன்று. அவ்வளவில் அவளது தாயின் பட்டினியும் ஒரு பங்கு.

குடிசனவியல் தரும் செய்தி இதனிலும் வியப்பானது. 1946ஆம் ஆண்டளவில் இலங்கையில் பிறந்த ஓர் ஆண் சராசரி 44 ஆண்டுகளும், ஒரு பெண் 42 ஆண்டுகளும் வாழ எதிர்பார்க்கலாம். உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு மாறாக, இங்கே பெண்ணே முந்தி இறந்தாள். காரணம் வெளிப்படை. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியமையும், பயிற்றப்பட்ட மருத்துவிச்சியர் வீடு வீடாகச் சென்றமையும், மலேரியா ஒழிப்பும் சேர்ந்து இத்தொகையை 1950 அளவில் ஏறத்தாழ 500ஆகக் குறைத்தன. 1967இல் பெண்ணின் வாழ்நாள் எதிர்பார்ப்பு 67ஆகவும் ஆணின் வாழ்நாள் எதிர்பார்ப்பு 65ஆகவும் இருந்தன. 1981இல் பெண்ணுக்கு அது 72. இருபதாண்டுக் காலத்துக்குள் இலங்கைப் பெண் ஆணை முந்திவிட்டாள். மருத்துவ வரலாற்றின் மாபெரும் சாதனைகளுள் ஒன்று இது. மருத்துவிச்சிக்குச் சிலையெடுக்க எவருக்கும் தோன்றாதது ஒரு குறையே.

இச்சாதனையின் பக்கவிளைவாக ஒரு புதிய வயது தோன்றியது. பிள்ளைப்பேறு முடிந்த பின் முப்பது ஆண்டுகள் வாழும் பெண் முன்னரும் இருந்தாள். ஆனால் அவள் விதிவிலக்கு. இப்போது அவளே விதியானாள். அந்த முப்பதாண்டுகளை அவள் எதற்குச் செலவிட்டாள் என்ற வினாவுக்கு விடை காண அதிகம் தேடவேண்டியதில்லை. நெடுநாள் வாழத் தொடங்கிய மாமன் மாமியர் நெடுநாள் நோயுற்றும் கிடந்தனர், அவர்களைப் பார்த்தாள். 1970களின் பிற்பகுதி முதல் மகளோ மருமகளோ மத்திய கிழக்குக்கு வீட்டுப்பணிப் பெண்ணாகச் செல்லவே, விட்டுச்சென்ற பேரப்பிள்ளைகளை வளர்த்தாள். தோட்டத்தில் மலையேற இயலாது போனவள் பேரர்களின் காவலாளியானாள். நகரில் கணவனின் பாரிசவாதத்துக்கும் மகனின் பிள்ளைக்கும் இடையே ஒரு நாளைப் பங்கிட்டாள். தன் பிள்ளைகளைப் பார்த்து முடிந்ததும் ஓய்வு என்று எண்ணியிருந்தவளுக்குப் பணி கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் இரட்டித்தது.

உடலில் நிகழ்ந்த மாற்றம் இதனோடு இணைந்தது. கொழுந்து பறித்தவளின் உணவு கோதுமை மா ரொட்டியும், சோறும், சீனி மிகுந்த தேநீருமாகும். நாள் முழுதும் சரிவில் நின்ற உடல் அதனை எரித்துவிட்டது. மலையை விட்ட மறுநாளிலிருந்து எரிப்பு நின்றது. ரொட்டியும் சீனியும் நிற்கவில்லை. நகரப் பெண்ணுக்கோ அம்மி, உரல், கிணற்றுக் கயிறு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. அவற்றை இழந்தமைக்கு அழவேண்டியதில்லை. அவை மறைந்த இடத்தில் வேறெந்த அசைவும் வந்து சேரவில்லை என்பதே சிக்கல். நோயாளியின் அருகில் உட்கார்ந்திருத்தல் களைப்பைத் தரும், உடற்பயிற்சியைத் தராது. இரவில் இருமுறை எழும்புவோரின் துயிலிழப்பு பசியைக் கூட்டும் என்பதும் இன்று நன்கறிந்த செய்தி.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்று 2008இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்ட இலங்கையருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு நீரிழிவு உண்டென்று கண்டது. நகர்ப்புறத்தில் அத்தொகை பதினாறு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி மணமான பெண்களுள் நூற்றுக்கு 45 பேர் அளவுக்கு மிஞ்சிய நிறையுடையோர். அதே அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாட்டில் நூற்றுக்கு 17 பேராகவும் தோட்டப்பகுதியில் 32 பேராகவும் இருந்தனர். ஒரே லயத்தின் ஒரே காம்பராவில் வளர்ச்சி குன்றிய பேரனும் நீரிழிவுற்ற பாட்டியும் வாழ்தல் இவ்விரு தொகைகளின் உட்பொருள்.

இப்பாட்டியை அரசாங்க மருத்துவம் எப்போது கண்டது? கிராமந்தோறும் குடும்பநல உத்தியோகத்தர் பேணிய பதிவேடு தகுதியுள்ள தம்பதியருக்கானது. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வரையான வயதில் மணமான பெண்கள் அதில் இடம்பெற்றனர். பெயர் பின்னர் தகுதியுள்ள குடும்பங்கள் பதிவேடு என மாறியபோதும் அடிப்படை நோக்கம் பிள்ளைப்பேற்றைச் சூழ்ந்ததே. அதில் அவளது கருத்தரிப்பு, தடுப்பூசி, நிறை, குருதிச்சோகை, பிரசவம், பாலூட்டல் யாவும் வரிசையாக உண்டு. கருவுற்ற மாதங்களில் அவளது நிறை மாதந்தோறும் குறிக்கப்பட்டது. அப்போது நிறை கூடவேண்டும் என்பதே அறிவுரை. கடைசிப் பிள்ளை பள்ளிக்குச் சென்றபின் எவரும் அவளைத் தராசில் ஏற்றவில்லை. பத்தியச் சோறும் காயமும் கொடுத்து நாற்பது நாள் தாங்கும் குடும்ப மரபும் இப்பதிவேட்டை ஒத்ததே. இரண்டுமே தாயைத் தாங்கின. தாய்மை முடிந்தவளை அறியவில்லை.

இந்த இடைவெளியை முன்னரே உணர்ந்தோர் இல்லாமலில்லை. 1896இல் கனடாவிலிருந்து வந்து தமிழரான எஸ். சி. கே. இரத்தினத்தை மணந்த வைத்தியர் மேரி இரத்தினம், 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடக்கி, கிராமப் பெண்கள் வீட்டு வேலையினின்றும் சிறிது நேரம் விலகி ஓரிடத்தில் கூடவேண்டும் என்பதை இயக்கமாக்கினார். ஊட்டமும் சுகாதாரமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அவ்வியக்கத்தின் பெருஞ்சிறப்பு அதன் பாடத்திட்டம் அன்று, கூடும் நேரமே.

1994இல் கெய்ரோவில் நடைபெற்ற சனத்தொகை மாநாட்டை அடுத்து, 1996இல் நாடெங்கும் பெண்கள் நல நிலையங்கள் தொடங்கப்பட்டன. சிங்களத்தில் 'சுவநாரி' என வழங்கும் இவை முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணைக் குழந்தையில்லாது தனியே வருமாறு அழைத்தன. நிறை, குருதி அமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைச் சோதித்தன. இந்நாட்டின் பெண் மருத்துவ வரலாற்றில் மருத்துவிச்சிக்கு அடுத்த பெருந்திருப்பமாக இதனைக் கொள்ளலாம். 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும் அரசினர் வைத்தியசாலைகளில் ஏற்பட்டன. இவற்றுக்கு ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக வருகின்றனர். ஆனால் எந்தப் பெண்கள் என்பதே வினா. சோதனைக்கு வந்தோரின் தொகை எதிர்பார்ப்பினும் குறைவாகவே பல ஆண்டுகள் இருந்தது. வெட்கமும் அறியாமையும் காரணம் என்று கூறுதல் எளிது. படுக்கையிலிருக்கும் ஒருவரை எவரிடம் விட்டுவிட்டு முற்பகல் முழுதும் வாங்கிற் காத்திருப்பது என்பதும், ஒருநாட் சம்பளத்தை எதனால் ஈடுசெய்வது என்பதும் அவற்றினும் வலிய காரணங்கள்.

பராமரிப்போர் படும் பாட்டைப் பிற நாட்டார் எண்ணால் அளந்துள்ளனர். அமெரிக்காவில் ஷூல்ஸ், பீச் ஆகிய இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பராமரித்து அதனால் மனவருத்தமும் உற்ற முதியோர், பராமரிப்புப் பொறுப்பற்ற ஒத்த வயதினரைவிட நான்காண்டுகளில் நூற்றுக்கு 63 பங்கு கூடுதலாக இறந்தனர் என்று காட்டியது. வருத்தமின்றிப் பராமரித்தோரிடம் இக்கூடுதல் காணப்படவில்லை. உழைப்பு ஒன்றே அன்றி, உதவியின்மையும் தனிமையும் உயிரைக் குறைக்கின்றன என்று இதற்குப் பொருள்கொள்ளலாம்.

இனி, நிறையைக் குறைத்து நலம் மீளுதல் பற்றி அறிந்தது என்ன? 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நீரிழிவின் வாயிலில் நின்ற மூவாயிரத்துக்கு மேற்பட்டோருள், உடல் நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்து வாரத்தில் 150 நிமிடம் நடக்க முயன்றவர்களிடம் நோய் தோன்றுதல் 58 வீதம் குறைந்தது என்று நிறுவியது. எழுபது கிலோவுள்ள ஒருவருக்கு ஏழு பங்கு என்பது ஐந்து கிலோவுக்குக் குறைவே. பத்திரிகை விளம்பரங்களில் வரும் இருபது, முப்பது கிலோவை நோக்கி ஏங்கி, மூன்றாம் வாரத்திற் கைவிடுவோர் இதனை மனங்கொள்ளவேண்டும். இதனினும் நமக்கு நெருங்கியது சென்னையில் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. அங்கு உணவை ஒழுங்குசெய்து நடந்தவர்களிடம் மூன்றாண்டுகளில் நீரிழிவு தோன்றுதல் ஏறத்தாழ 28 வீதம் குறைந்தது. அவர்களின் உடல் நிறையோ குறிப்பிடத்தக்க அளவிற் குறையவே இல்லை. தராசின் முள் அசையாதபோதும் உடல் உள்ளே திருந்திக்கொண்டிருந்தது. ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே விழிப்பு வேண்டும் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் கூறியது உண்மையே. ஆயினும் அச்சுட்டியை மட்டுமே வெற்றி தோல்விக்கு அளவாகக் கொள்ளுதல் பல பெண்களைக் காரணமின்றி மனமுடையச் செய்துள்ளது.

அறிவுரை ஆளுக்கேற்ப வேறுபடவேண்டும் என்பதும் கண்டியிற் போல் வேறெங்கும் தெளிவாகப் புலப்படாது. ஒரே கிளினிக்கின் ஒரே வாங்கில், கட்டுகஸ்தோட்டையில் மாடிவீட்டுக்குள் பத்தாண்டு மாமியாரைப் பார்த்திருந்த ஒருத்தியும், நாளொன்றுக்குப் பதினாறு கிலோவுக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒருத்தியும் அருகருகே அமர்ந்திருப்பர். இருவருக்கும் 'நடவுங்கள்' என்று எழுதிக்கொடுப்பது அபத்தம். பின்னவள் வாழ்நாள் முழுதும் நடந்தவள். அவளுக்கு வேண்டியவை பருப்பும், முட்டையும், கீரையும், இரும்புச்சத்தும், உறக்கமும் ஆகும். ரொட்டி நான்கை இரண்டாக்கி, தேநீரின் சீனியைக் குறைத்து, கௌப்பியோ கடலையோ சேர்த்துக்கொள்வது அவளுக்கு எந்த நடையினும் பெரும்பயன் தரும். முன்னவளுக்கும் கண்டியின் செங்குத்தான ஒழுங்கைகள் முழங்காலுக்கு ஏற்றவையல்ல. சமதரையான வாவிக் கரை அவ்வகையில் நகரத்தின் பெரும்பேறு. ஆளுநர் மனைவியின் உலாப்பாதையைப் போல ஓய்வுடையாருக்கு மட்டும் உரியதன்று அது. சைவ, பௌத்த, இஸ்லாமிய, கிறித்தவப் பெண்கள் ஒரே திசையிற் சுற்றுகின்றனர். நிறை குறைவதன் முன் அவர்களிடம் முதலில் மாறுவது பேச்சு என்று உடன் நடப்போர் கூறுவர். மருமகளின் குறை, மருந்தின் விலை, சீனியில்லாத் தேநீருக்கு நாக்குப் பழகிய விதம் என்று அது விரிகின்றது. மேரி இரத்தினம் விரும்பிய கூட்டம் வேறொரு வடிவில் ஒவ்வொரு காலையும் கூடுகின்றது எனலாம்.

அது கலையும் நேரமும் உண்டு. ஆறரை மணிக்குப் பின் பெண்களின் தொகை விரைவாகக் குறைகின்றது. ஆண்கள் வாங்குகளில் அமர்ந்து பத்திரிகை விரிப்பர். பெண்கள் மணிக்கூண்டுப் பக்கம் பஸ் பிடிக்க விரைவர். வீட்டில் மருந்து கொடுக்கும் வேளை ஏழு மணி. லூல்கந்துரைக்கு மேலுள்ள சரிவுகளில் அதே வேளையிற் பிரட்டு முடிந்து, கூடைகள் முதுகேறிக்கொண்டிருக்கும்.